நிறுத்துவதற்குக் கல்பொட்டு

டெமோ வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் என்னைப் பார்த்ததும் கேட்பது, "அக்கா, எந்த மெஷின் நல்ல மெஷின்?" என்றுதான். திண்டுக்கல்லில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் காலமெல்லாம் இந்த வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கடையில் மைக்ரோவேவ் விற்றதும் வாங்கியவர் வீட்டுக்குப் போய், பெட்டியைப் பிரித்து, ஒரு சமையல் செய்து காட்டிவிட்டு வருவதுதான் டெமோ. அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் கிடையாது. யாருக்கு நல்ல மெஷின் என்று கேட்டால் கொஞ்சம் பேசலாம்.

நான் அதிகம் படித்தவள் இல்லை. மெஷினோடு வரும் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்து, கடையிலிருந்த பழைய மெஷினில் எதையாவது கருக்கிக் கருக்கித்தான் தொழில் பழகினேன். மிச்சமெல்லாம் வீட்டுக்காரர்கள் வாயிலிருந்து கற்றது. ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருந்த ஓர் அம்மா, டெமோ முடிந்து கொஞ்ச நாள் கழித்து நான் போனபோது, "இது அடுப்பு இல்லீங்க, சின்ன பீரோங்க. பிஸ்கட்டு, ரொட்டியெல்லாம் எறும்பு ஏறாம அப்படியே இருக்குதுங்க" என்று கதவைத் திறந்து காட்டினார். செம்பட்டியில் ஒரு பெரியவர் தட்டு சுற்றுவதையே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தீயே இல்லாம வேகுதுன்னா உள்ள ஆரு இருக்கா?" என்று கேட்டார். இரண்டையும் நான் மறக்கவே இல்லை. நாம் கொண்டுபோய் வைக்கும் மெஷின் ஒரு வீட்டில் பீரோவாகிவிடும், இன்னொரு வீட்டில் பயமாகிவிடும். அடுப்பாவது சில வீடுகளில்தான். அப்படி அடுப்பான ஒரு வீட்டைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

உமா என்ற பெண் ஒருநாள் கடைக்கு வந்தாள். ஓசூரில் வேலை, குடும்பம். அப்பா மட்டும் பேகம்பூர்ப் பக்கம் ஒரு சந்தில் சொந்த வீட்டில் தனியாக இருந்தார். பெயர் பெருமாள். செம்பட்டி வழியாகப் போகும் தனியார் பேருந்தில் டிரைவராக இருந்து ஓய்வானவர். மனைவி போன வருடம் காலமாகிவிட்டார். சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. ஆள் நடமாடுவது, வாசல், ஜன்னல் எல்லாம் தெரியும். எழுத்து தெரியாது, பொடிப்பொடியான எதுவும் தெரியாது.

"பகல் வெளிச்சத்துல கேஸ் அடுப்போட நீலத் தீ அவருக்குத் தெரியலக்கா" என்றாள் உமா. "எரியிற அடுப்புக்கிட்ட குனிஞ்சு எதையோ எடுத்திருக்காரு. வேட்டி நுனி பிடிச்சிருச்சு. பக்கத்து வீட்டம்மா வாளித் தண்ணிய ஊத்திருக்காங்க. இல்லேன்னா..."

அவரை அவள் ஓசூருக்கு வந்துவிடும்படி கூப்பிட்டிருக்கிறாள். அவர் வர மறுத்துவிட்டார். கடைசியில் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். தீ இல்லாத அடுப்பில் சமைக்கக் கற்றுக்கொண்டால் அவர் இங்கேயே இருக்கலாம். முடியாவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு கிளம்ப வேண்டும். சொந்த வீடா, மகள் வீடா என்பது அந்த மெஷினைப் பொறுத்துத்தான் இருந்தது.

சாதா மைக்ரோவேவ் போதுமே, திருகுகிற குமிழ் வைத்தது, சுலபமாக இருக்குமே என்று நான் சொன்னேன். உமா சிரித்துவிட்டாள். "சொல்லிப் பாத்துட்டேன்க்கா. ஆறுனதச் சுட வைக்கிறதுக்குப் பேரு சமையலான்னு கேக்குறாரு. அவருக்குச் சுட்ட கத்திரிக்கா வேணும், ஞாயித்துக்கெழம கறி வேணும்."

அதற்குக் காம்பி மெஷின்தான் சரி. வேகவைக்கிறது, மேலிருந்து வாட்டுகிறது, சூடான காற்றில் சுடுகிறது என்று மூன்று வேலையும் ஒரே பெட்டியில். உமா கடையிலேயே பெரியதாக, முன்பக்கம் முழுக்க வழவழவென்று இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். நான் கொள்ளளவு கேட்டேன், பிளக் பாயின்ட் கேட்டேன், மேடையின் அகலம் கேட்டேன். மெஷின் முன்னால் நிற்கப் போகிறவரை ஒருமுறை கடைக்குக் கூட்டி வாருங்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

மறுநாள் டெமோவுக்குப் போனேன். பெருமாள் ஐயா நல்ல உயரம். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வண்டியை எடுக்க வந்தவர் மாதிரி மேடை முன்னால் வந்து நின்றார். நான் பொத்தான்களைச் சொல்லச் சொல்ல அவர் விரல் அந்தப் பலகை மேல் வழுக்கி வழுக்கிப் போனது. நிறுத்தச் சொன்னால் கிரில்லை அழுத்தினார். தொடங்கச் சொன்னால் கடிகாரத்தை அழுத்தினார். ஒவ்வொரு முறையும் உமா குறுக்கே கையை நீட்டிச் சரிசெய்தாள்.

"அப்பா, அங்க இல்லப்பா. மேல. இன்னும் மேல."

"மேலன்னா எம்புட்டு மேல? ஓட்டுக்கு மேலயா?"

அவள் பின்கட்டுக்குப் போனாள். செத்த நேரத்தில் என்னையும் சைகை காட்டிக் கூப்பிட்டாள். துணி துவைக்கும் கல் பக்கத்தில் நின்றுகொண்டு தாழ்ந்த குரலில் பேசினாள்.

"அக்கா, நீங்களே பாத்தீங்க. அவருக்கு முடியாதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க. நான் சொன்னா சண்டைக்கு வருவாரு. வெளியாளு நீங்க, தொழில் தெரிஞ்சவங்க. நீங்க சொன்னாக் கேப்பாரு. மெஷினத் திரும்ப எடுத்துக்கங்கன்னு கேக்கவே மாட்டேன், ஓசூருக்கே எடுத்துட்டுப் போயிடுறேன்."

நான் உள்ளே வந்தேன். அவர் மெஷின் பக்கம் திரும்பி நின்றபடியே கேட்டார்.

"எம்புள்ள என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணுமில்லய்யா."

"முடியாதுன்னு சொல்லச் சொல்லியிருக்கும். தாயி, நீ முடியும்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

அந்த நேரத்தில்தான் கடையிலிருந்து மேனேஜர் போன் செய்தார். அடுத்த டெமோ காத்திருக்கிறது, சீக்கிரம் முடித்துவிட்டு வாருங்கள் என்று. முடியும் என்று சொன்னாலும் முடிந்தது, முடியாது என்று சொன்னாலும் முடிந்தது. இரண்டில் எதைச் சொன்னாலும் அந்தச் சந்தைத் தாண்டுவதற்குள் நான் அவர்களை மறந்துவிடலாம். ஆனால் ஒரு மனுஷன் தன் வீட்டில் இருப்பதா வேண்டாமா என்பதை மெஷின் விற்க வந்தவள் வாயால் சொல்லக் கூடாது என்று எனக்குப் பட்டது. வேறு என்ன செய்வதென்றும் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு, சும்மா பேச்சுக்காகத்தான் கேட்டேன்.

"ஐயா, இந்தப் பலகையில உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"கஷ்டம் என்ன கஷ்டம். இது கண்ணாடியத் தடவுற மாதிரில்ல இருக்கு. எது எங்க இருக்குன்னு கைக்கு எப்படித் தெரியும்? அம்புட்டு வருசம் வண்டி ஓட்டுனேன். கியரக் குனிஞ்சு பாத்தா போட்டேன்? கண்ணு ரோட்டுல இருக்கும், கை தன்னால போகும். ஏன்னா அங்க புடிக்கிறதுக்கு ஒரு தண்டு இருக்கு. இதுல என்ன இருக்கு?"

அவர் சொல்லி முடிப்பதற்குள் என் கை நெற்றிக்குப் போய்விட்டது. அன்றைக்கு நான் வைத்திருந்தது கொஞ்சம் தடிமனான உருண்டை ஸ்டிக்கர் பொட்டு. அதை எடுத்து, தொடங்கும் பொத்தான் மேல் ஒட்டினேன். அவர் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தேன்.

"என்னது இது?"

"பொட்டுய்யா."

அவர் விரலை எடுத்தார். திரும்பக் கொண்டுபோனார். சரியாக அதன் மேலேயே வைத்தார். மெஷின் 'பீப்' என்றது. மறுபடி எடுத்து மறுபடி வைத்தார். பிறகு அறைக்குள் போனார். பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. பீரோக் கண்ணாடியில், அவர் மனைவி குளிக்கப் போகும்போது எடுத்து ஒட்டிவைத்த பழைய பொட்டுகள் வரிசையாக இருந்ததை நான் வரும்போதே பார்த்திருந்தேன். அவர் வேறு ஒன்றை எடுத்து வந்தார். பிரிக்காத பொட்டு அட்டைகள்.

"எங்க வீட்டம்மா வாங்கி வச்சது. இதுல ஒண்ண எடுத்து மொதல்ல நீ வையி. வெறும் நெத்தியோட தெருவுல எறங்காத."

நான் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். மிச்சத்தில் கல் பதித்த பெரிய பொட்டு ஒன்று இருந்தது. அதை நிறுத்தும் பொத்தானுக்கு ஒட்டினேன். நீளப் பொட்டு ஒன்று காம்பிக்கு. அவ்வளவுதான். மிச்சப் பொத்தான் எல்லாம் இல்லையென்றே நினைத்துக்கொள்ளச் சொன்னேன். உருண்டையை மட்டும் தட்டினால் வெறுமனே வேகும். தட்டத் தட்ட நேரம் கூடும். நீளத்தைத் தொட்டுவிட்டு உருண்டையைத் தட்டினால் வெந்து சுடும். கல்லைத் தொட்டால் நிற்கும்.

அவர் பீப் சத்தத்தைக் கவனித்துக்கொண்டே, "கண்டக்டர் விசில் மாதிரி" என்றார். "என்ன, அவன் அடிக்கிற விசிலுக்கு நான் ஓட்டுனேன். இங்க விசிலும் நானே அடிச்சுக்கணும்."

உமா பின்கட்டு வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை, பயம்தான் இருந்தது. அது நியாயமான பயம். பொட்டு ஒட்டியதால் கண் வந்துவிடாது. அதனால் இருவருக்கும் பொதுவாக ஒன்று சொன்னேன். "நான் முடியும்னும் சொல்லல, முடியாதுன்னும் சொல்லல. ரெண்டு நாள் பழகட்டும். மூணாம் நாள் மத்தியானம் நான் சாப்பிட வாரேன். அவரே சமைக்கட்டும். நாம ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது, கையயும் நீட்டக் கூடாது. அப்புறம் நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

மூன்றாம் நாள் போனேன். கேஸ் சிலிண்டரைக் கழற்றி மூலையில் வைத்திருந்தார்கள். அடுக்களை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மெஷினின் சுவிட்ச் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அது தற்செயல் இல்லை. அடுத்தவரைப் பழக விடும்போது சுவிட்ச் உங்கள் கைக்கு எட்ட வேண்டும், உங்கள் கை மட்டும் மடியிலேயே இருக்க வேண்டும். உமா எனக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

அவர் அரிசியைக் களைந்து கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டார். விரலை உள்ளே விட்டு, கணு அளவுக்குத் தண்ணீர் வைத்தார். பாத்திரத்தைத் தட்டின் நடுவே வைத்தார். அதுவரை எல்லாம் சரி. பிறகு, காலமெல்லாம் எந்தப் பாத்திரத்தையும் திறந்தபடி அடுப்பில் வைக்காதவர் என்ன செய்வாரோ அதைச் செய்தார். கை தானாகப் போய்த் தட்டு அடுக்கிலிருந்து ஓர் எவர்சில்வர் தட்டை எடுத்து அதன் மேல் மூடியது. கதவைச் சாத்தினார். உருண்டைப் பொட்டைத் தட்டினார்.

எவர்சில்வர் வேகவைக்கும்போது ஆகாது என்று நான் சொல்லியிருந்தேன். பாத்திரத்துக்குச் சொன்னேன். மூடியைப் பற்றி நான் சொல்லவில்லை, அவரும் நினைக்கவில்லை. நம் வீடுகளில் மூடி என்று தனியாக ஒன்று இருப்பதே இல்லையே. கைக்கு வந்த தட்டுதான் மூடி.

உமா பார்த்துவிட்டாள். எழுந்திருக்கப் போனவளின் தோளை அழுத்தினேன். என் இன்னொரு கை சுவிட்சுக்குப் போய்விட்டது. ஆனால் அமுக்கவில்லை. பிள்ளைகளே, இந்த வேலையில் நான் எடுத்த முடிவுகளிலேயே பெரியது அந்தக் கொஞ்ச நேரம் கையைச் சும்மா வைத்திருந்ததுதான். அமுக்கியிருந்தால் ஆபத்து இல்லை. ஆனால் அந்த மனுஷன் அன்றைக்கே ஓசூர் பஸ் ஏறியிருப்பார்.

உள்ளே சடசடவென்று சத்தம் கேட்டது. நீல வெளிச்சம் ஒன்று மின்னியது. அது அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் சத்தம் முழுதாகக் காதில் விழுவதற்குள் அவர் விரல் கல்பொட்டு மேல் இருந்தது. மெஷின் நின்றது. அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார். இன்ஜினில் ஏதோ கேட்டு வண்டியை ஓரம் கட்டியவர் மாதிரி இருந்தது. கதவைத் திறந்து, கைப்பிடித் துணியோடு உள்ளே தடவி, தட்டைத் தூக்கி வெளியே வைத்தார்.

"மூடி" என்றார், எங்களுக்கு இல்லை, தனக்குத்தான். பிறகு கதவைச் சாத்திவிட்டு மறுபடி உருண்டையைத் தட்டினார்.

உமா என் காதருகே, "பாத்தீங்களாக்கா? இதுக்குத்தான் பயந்தேன்" என்றாள்.

"நானும் இதுக்குத்தான் உக்காந்திருந்தேன்" என்றேன். "தப்புப் பண்ணாம யாரும் இந்த மெஷினோட குடித்தனம் பண்ணதில்லம்மா. தப்பு நடந்தா அவருக்குத் தெரியுதா, தெரிஞ்சா நிறுத்துறாரா, அதத்தான் பாக்கணும். வேட்டி பிடிச்சப்ப அந்தக் கேஸ் அடுப்பு அவருக்கு ஏதாச்சும் சொல்லுச்சா? இது கத்துது. அவருக்குக் காது நல்லாக் கேக்குது."

சோறு வெந்தது. கத்திரிக்காயை முள்கரண்டியால் நாலு பக்கமும் குத்தி, எண்ணெய் தடவி, நீளப் பொட்டைத் தொட்டு உருண்டையைத் தட்டினார். தோல் சுருங்கும் வாசம் வந்ததும் அவரே போய் நிறுத்தினார். புத்தகத்தில் போட்டிருக்கும் நேரத்தைவிட முன்னாலேயே. நான் எட்டிப் பார்த்தேன், பதம் சரியாக இருந்தது. வெங்காயம், பச்சை மிளகாய், புளி போட்டுக் கையாலேயே பிசைந்தார். அன்றைக்குச் சோற்றுக்கு வெஞ்சனம் அது ஒன்றுதான். உப்புக் கொஞ்சம் தூக்கல்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவரே பேச்சை எடுத்தார்.

"உமா, மூடி வச்சேன் பாத்தியா?"

"பாத்தேன்."

"கத்தலையே நீ."

"இந்த அக்கா விடல."

"நல்லது. வண்டியில ஏறுனவங்க எல்லாம் என் முதுகுக்குப் பின்னாடிதான் தூங்குனாங்க. நான் பிரேக் போடாம ஓட்டுனேன்னா தூங்குனாங்க? போட வேண்டிய எடத்துல போடுவேன்னு தூங்குனாங்க. நீயும் ஓசூர்ல போயித் தூங்கு."

உமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, "உப்பு சாஸ்தி" என்றாள்.

"அதுக்கு மெஷின் பொறுப்பில்ல" என்றார் அவர்.

அதுதான் சம்மதம். அன்று சாயங்காலமே உமா கடைத்தெருவுக்குப் போய்க் கண்ணாடி மூடிகள் வாங்கி வந்தாள். எவர்சில்வர் தட்டுகளைக் கட்டிப் பரணில் போட்டாள். சாப்பிடப் பீங்கான் தட்டு. பக்கத்து வீட்டம்மாவிடம் ஒரு சாவி. மெஷின் ஓடும்போது அடுக்களையை விட்டு நகரக் கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் மாதிரி ஒன்று. காலி மெஷினை ஓட்டக் கூடாது, காம்பியில் மெஷினின் உள்சுவரும் கம்பித் தாங்கியும் சுடும் என்பதையெல்லாம் நான் மறுபடி மறுபடி சொன்னேன். கேஸ் அடுப்பைப் பக்கத்து வீட்டம்மாவே எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் அந்தச் சந்து வழியாகப் போனால் எட்டிப் பார்ப்பேன். பொட்டு ஆவியில் அவ்வப்போது கழன்றுவிடும். அவரே விரலால் இடத்தைத் தேடி வேறு ஒன்றை ஒட்டிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை கறி வாசம் தெரு வரைக்கும் வரும். ஒருமுறை, "தாயி, மெஷின்ல இன்னும் அம்புட்டுப் பொத்தான் கெடக்குதே, எதுக்கு?" என்று கேட்டார். "விக்கிறதுக்கு" என்றேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் உமாவிடமிருந்து ஒரு போன் வந்தது. பொங்கலுக்கு அப்பாவை ஓசூருக்குக் கூப்பிட்டிருக்கிறாள். இந்த முறை உடனே ஒத்துக்கொண்டாராம், ஒரே ஒரு நிபந்தனையோடு. அங்கேயும் அடுக்களையில் ஒருவேளையாவது அவர்தான் சமைப்பார்.

"எங்க வீட்லயும் காம்பிதான்க்கா இருக்கு, வேற கம்பெனி. பொட்டு அட்டையப் பையில வச்சுட்டாராம். எந்தப் பொத்தானுக்கு எந்தப் பொட்டுன்னு உங்களத்தான் கேக்கச் சொன்னாரு. போட்டோ அனுப்புறேன், பாத்துச் சொல்லுங்க."

படம் வந்தது. அவசரத்தில் கதவைத் திறந்தபடியே எடுத்திருந்தாள். பொத்தான்கள் தெளிவாகத் தெரிந்தன. நிறுத்துவது கீழே இடப்பக்கம், தொடங்குவது வலப்பக்கம். உள்ளே கண்ணாடித் தட்டின் மேல் பிஸ்கட் பாக்கெட்டுகளும் ஒரு முறுக்கு டப்பாவும் அழகாக அடுக்கியிருந்தன.

"பொட்டு அப்புறம்" என்றேன். "மொதல்ல பீரோவக் காலி பண்ணு."